பரு போனாலும் தடம் போகவில்லையா? மறைக்கவும் மங்கச் செய்யவும் ஒரு செய்முறை

பரு ஒரு வாரத்தில் ஆறிவிடும். அது இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு தடம் மாதக்கணக்கில் நிற்கும். நம் மாநிறத் தோல் சிறு வீக்கத்துக்கும் மெலனின் என்ற கருநிறமியைத் தாராளமாகச் சுரந்துவிடுகிறது. அதன் மிச்சம்தான் இது. குழி விழுந்த தழும்பு வேறு. அதற்கு இந்தச் செய்முறை உதவாது.

முதலில், இன்று மாலைக்குள் மறைக்கும் வழி.

முகத்தைக் கழுவி மாய்ஸ்சரைசர் தடவுங்கள். பகலில் வெளியே போவதானால் அதன்மேல் சன்ஸ்கிரீன். ஐந்து நிமிடம் பொறுங்கள். ஈரம் காயுமுன் எதைப் பூசினாலும் திரிதிரியாக உருளும்.

அடுத்தது கரெக்டர், அதாவது தடத்தின் நிறத்தை அடக்கும் ஆரஞ்சு வகைக் கிரீம். பலரும் தாண்டிப் போகும் படி இதுதான், நானும் தாண்டினேன். ஒரு திருமணத்துக்கு, என் நிறத்தைவிட இரண்டு படி வெளிறிய கன்சீலரை (தடத்தை மறைக்கும் தோல்நிறக் கிரீம்)த் தடங்களின் மேல் அப்பிக்கொண்டு போனேன். புகைப்படத்தில் கன்னமெல்லாம் விபூதி சிதறியதுபோல் இருந்தது. கருமையின் மேல் வெளிர் நிறம் ஏறினால் சாம்பல்தான் கிடைக்கும். அந்தச் சாம்பலை ஆரஞ்சு நிறம் அடக்கும். வெளிர் மாநிறத்துக்குப் பீச், கருநிறத்துக்கு அடர் ஆரஞ்சு. மெல்லிய பிரஷ்ஷில் கடுகளவு எடுத்து, தடத்தின் மேல் மட்டும் வையுங்கள்.

பிறகு, உங்கள் நிறத்துக்கே பொருந்தும் கன்சீலர். வாங்கும்போது தாடையோரம் தடவி, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மோதிர விரலால் ஒற்றுங்கள். தேய்த்தால் அடியிலுள்ள கரெக்டர் கலைந்துவிடும். மேலே நிறமற்ற ஃபேஸ் பவுடர் கொஞ்சம் போதும். குளித்ததும் போடும் டால்கம் பவுடர் வேண்டாம், வெள்ளை பூக்கும். இரவில் எல்லாவற்றையும் கழுவிவிட்டுப் படுங்கள்.

இனி மங்கச் செய்வது. வெயில் படப்படத் தடம் இன்னும் கறுக்கும். ஆகவே எஸ்.பி.எஃப். (வெயில் தடுக்கும் அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை, இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, தினமும் காலையில் முகம், கழுத்து முழுக்கப் பூசுங்கள். இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள வகை கிடைத்தால் அதுவே மேல். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மாநிறத் தோலைக் கறுக்கச் செய்யும், அதையும் அது தடுக்கும்.

இரவில், தடத்தை மங்கச் செய்யும் 10 சதவீத அசிலாயிக் அமிலம் அல்லது 5 சதவீத நியாசினமைடு கலந்த கிரீம், இரண்டில் ஒன்று. முதல் சில நாள்கள் தாடையோரம் மட்டும் தடவிப் பாருங்கள். எரிச்சல் நீடித்தால் நிறுத்திவிடுங்கள், அந்த எரிச்சலே புதுத் தடத்தை உண்டாக்கும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். அதன் பிறகும் அசையவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

எலுமிச்சைச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும். அதைவிட ஆபத்து, ஒரே வாரத்தில் வெளுக்க வைக்கும் ஸ்டீராய்டு கிரீம். தோல் மெலியும், சிவக்கும், முகத்தில் முடி முளைக்கும். நிறுத்தினால் பரு கொத்தாகக் கிளம்பும். மருத்துவர் எழுதித் தராமல் கைக்கு வந்த டியூபில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால், மூடியைத் திறக்காமல் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.