ஆயிரம் டாலருக்குள் முதல் மான் ரைஃபிள்

அக்டோபர் பிறந்தால் டெக்சாஸில் இருக்கும் நம் ஆட்கள் யாராவது என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, மான் சீசன் வருது, எந்த ரைஃபிள் வாங்கலாம்?" என்று கேட்பார்கள். பதில் சொல்வதற்கு முன் விசாவைப் பற்றித்தான் நான் கேட்பேன். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் சிக்கல் இல்லை. எச்-1பி, எஃப்-1 மாதிரி விசாவில் இருப்பவர்கள் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. ஆகவே முதலில் லைசென்ஸ், அப்புறம்தான் கடை. 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் இங்கே வேட்டையாட ஹன்டர் எஜுகேஷன் படிப்பையும் முடிக்க வேண்டும்; பெரியவர்கள் ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் விசா நிலை பற்றிய கேள்வி வரும். அங்கே தவறான தகவல் எழுதுவது குற்றம். சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் கேளுங்கள். ஆபீஸ் காபி மெஷின் பக்கத்தில் கிடைக்கும் சட்ட ஆலோசனை வேண்டாம்.

சரி, ரைஃபிளுக்கு வருவோம். நான் சொல்லும் பட்ஜெட் 1000 டாலர், ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தூரக்கண்ணாடி) தோட்டாவும் சேர்த்து. இதற்குள் நல்ல சாமான் கிடைக்குமா என்றால், தாராளமாகக் கிடைக்கும். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், அதாவது ஒவ்வொரு முறையும் கையால் கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் ரைஃபிள் மட்டும் பாருங்கள். இந்த விலையில் துல்லியம் அதில்தான் இருக்கிறது.

துல்லியம் என்றால் எவ்வளவு? எம்.ஓ.ஏ. (மினிட் ஆஃப் ஆங்கிள்) என்று ஒரு கோண அளவு சொல்வார்கள்; தூரம் கூடக் கூட அங்குலமும் கூடும். 100 யார்டு தூரத்தில் அது 1.047 அங்குலம், நடைமுறையில் ஒரு அங்குலம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு எம்.ஓ.ஏ. ரைஃபிள் என்றால் 100 யார்டில் சுட்ட தோட்டாக்கள் எல்லாம் ஒரு அங்குல வட்டத்துக்குள் விழ வேண்டும். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறக்குறைய எட்டு அங்குல அகலம். லானோ பக்கம் ஹில் கன்ட்ரியில் மறைவுக் குடிலுக்குள் உட்கார்ந்து சுடும்போது மான் பெரும்பாலும் 150 யார்டுக்குள்தான் நிற்கும். இரண்டு எம்.ஓ.ஏ. ரைஃபிள்கூட அந்தத் தூரத்தில் மூன்று அங்குலத்துக்குள் போடும். அதாவது, இந்த வருட மானுக்கு மலிவு ரைஃபிளே போதும். நாளைக்கு ஆசை வளர்ந்து 300 யார்டில் இரும்புத் தகட்டைத் தட்ட வேண்டும் என்று தோன்றும்போது அதே ரைஃபிள் கூடவே வளருமா என்பதுதான் விஷயம்.

அதற்கு ஆக்‌ஷனைப் பார்த்து வாங்க வேண்டும். ஆக்‌ஷன் என்பது போல்ட்டும், அது ஓடும் ரிசீவரும். ஸ்டாக் (தோளில் வைக்கும் கட்டை), ட்ரிகர் (விசை), ஸ்கோப், மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி), ஏன் பேரலைக்கூட (குழல்) பிற்பாடு மாற்றலாம். ரிசீவரை மாற்றினால் அது வேறு துப்பாக்கி. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது: சீரியல் எண் ரிசீவரில்தான் இருக்கும், அதை லைசென்ஸ் உள்ள டீலர் வழியாகத்தான் வரவழைக்க முடியும். ஸ்டாக்கையும் பேரலையும் புத்தகம் மாதிரி வீட்டு வாசலுக்கே தபாலில் வரவழைத்துக்கொள்ளலாம்.

எந்த ஆக்‌ஷனுக்கு வெளியே அதிக உதிரிபாகம் கிடைக்கிறது? 1962-இல் வந்த ரெமிங்டன் 700-க்குத்தான். அதன் அடிப்பாக வடிவத்தை எத்தனையோ கம்பெனிகள் அப்படியே எடுத்துக்கொண்டன. ஸ்பெயினில் செய்யும் பெர்காரா பி-14 அப்படி ஒன்று. ரெமிங்டன் 700-க்கான ஸ்டாக்கும் பெரும்பாலான ட்ரிகர்களும் அதில் பொருந்தும். புதிதாக வாங்கினால் ரைஃபிளே பட்ஜெட்டில் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்பதுதான் குறை. பழைய ரெமிங்டன் 700 மலிவாக வந்தால் ஒரு விஷயம் கவனியுங்கள்: 2006 மே மாதத்திலிருந்து 2014 ஏப்ரல் வரை செய்த எக்ஸ்-மார்க் புரோ ட்ரிகர்களைக் கம்பெனியே திரும்பப் பெற்றது. சீரியல் எண்ணைச் சரிபார்த்த பிறகே காசு கொடுங்கள்.

என் ஓட்டு ஹோவா 1500-க்கு. ஜப்பானில் செய்வது. வெதர்பி வான்கார்டு என்ற பெயரில் விற்பதும் இதே ஆக்‌ஷன்தான். தட்டையான அடிப்பாகம், சுடும்போது வரும் உதையைத் தாங்கும் ரீகாயில் லக் ரிசீவரோடு ஒரே இரும்பில் இருக்கிறது. கம்பெனி ட்ரிகரே இரண்டு கட்டமாக இழுபடும், அதை மாற்ற அவசரம் இருக்காது. கனம் கொஞ்சம் கூடுதல். குடிலில் உட்காருபவருக்கு அது பிரச்சினையே இல்லை; கொலராடோ மலையில் எல்க் என்ற பெரிய மானைத் தேடி ஏறுபவர் யோசிக்கட்டும். ரூகர் அமெரிக்கன் இன்னும் இலேசு. அதன் இரண்டாம் தலைமுறை 2023 இறுதியில் வந்தது. பேரல் முனையில் மரைபோட்டே வருகிறது. டிக்கா டி3எக்ஸ் ஃபின்லாந்துச் சரக்கு. போல்ட் வெண்ணெயாக வழுக்கும், மூன்று தோட்டாவுக்கு ஒரு எம்.ஓ.ஏ. என்று கம்பெனியே உறுதி தருகிறது. ஆனால் அதை வாங்கினால் ஸ்கோப்புக்கு மிஞ்சும் பணம் குறையும், கூடுதல் மேகசினும் விலைதான்.

பேரலை வீட்டிலேயே மாற்றும் ஆசை உள்ளவர்களுக்கு ஸாவேஜ். 1958-இல் வந்த 110 மாடலில் பேரலை ஒரு நட்டு இறுக்கிப் பிடித்திருக்கும். வைஸ், அதற்கான ரென்ச், பேரல் சரியான ஆழத்தில் உட்கார்ந்ததா என்று பார்க்கும் கோ, நோ-கோ என்ற இரண்டு அளவுக்கட்டைகள் இருந்தால் போதும். மற்ற பெரும்பாலான ரைஃபிளில் அது துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை. இதே கம்பெனியின் ஆக்ஸிஸ் எல்லாவற்றிலும் மலிவு. சுடும், நன்றாகவே சுடும். அதன் பிளாஸ்டிக் ஸ்டாக்தான் நெளியும்.

நெளிகிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். ரைஃபிளைக் கையில் வாங்கியதும் போல்ட்டைத் திறந்து சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் பாருங்கள். கடைக்காரர் இப்போதுதான் பார்த்திருந்தாலும் நீங்களும் பாருங்கள். பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் இடையில் ஒரு டாலர் நோட்டை நுழைத்து ரிசீவர் வரை இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் போனால் பேரல் எதையும் தொடாமல் மிதக்கிறது என்று அர்த்தம். அடுத்து ஸ்டாக்கின் முன்பகுதியைப் பேரலோடு சேர்த்துக் கட்டைவிரலால் நெரியுங்கள். இலேசாக நெரித்தாலே ஒட்டினால், மணல்மூட்டையில் வைத்துச் சுடும்போதும் ஒட்டும், குண்டு இடம் மாறும். போல்ட்டைக் கடைசி வரை பின்னால் இழுத்து, ஆட்டம் எவ்வளவு என்று பாருங்கள். சேஃப்டியைப் போட்டுக்கொண்டே போல்ட்டைத் திறக்க முடிகிறதா என்றும் பாருங்கள். முடிந்தால் தோட்டாவைப் பத்திரமாக வெளியே எடுக்கலாம். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, முனையைப் பத்திரமான திசையில் வைத்து, ட்ரிகரை இழுங்கள். மூன்று பவுண்டு அருமை, ஆறு பவுண்டு இழுப்பதற்குள் குறி நகர்ந்துவிடும். பழைய துப்பாக்கி என்றால் பேரல் முனையின் விளிம்பில் அடிபட்ட தடம் இருக்கிறதா, திருகாணித் தலைகள் சிதைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கண்டபடி கழற்றியவர் கைப்பட்டது என்பதைத் திருகாணிகளே சொல்லிவிடும்.

எந்தத் தோட்டா? .308 வின்செஸ்டர் அல்லது 6.5 க்ரீட்மூர், அவ்வளவுதான். முன்னது 1952-இலிருந்து இருக்கிறது, எந்தக் கடையிலும் கிடைக்கும். பின்னது ஹார்னடி 2007-இல் கொண்டுவந்தது. தோள் உதை குறைவு, தூரத்துக்குப் போனாலும் காற்றில் அதிகம் தள்ளாடாது. இதில் இன்னொரு வசதி, .308, .243, 7எம்எம்-08, 6.5 க்ரீட்மூர் நான்குக்கும் தோட்டாவின் அடிப்பாக அளவு ஒன்றுதான், ஷார்ட் ஆக்‌ஷனும் ஒன்றுதான். பேரலை மட்டும் மாற்றினால் அதே போல்ட்டோடு வேறொரு ரைஃபிள் ஆகிவிடும். முனையில் மரைபோட்ட பேரலாக இருந்தால் பிற்பாடு சப்ரெஸ்ஸர் (சத்தத்தைக் குறைக்கும் குழாய்) போடலாம். அதற்கிருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகிவிட்டது. பதிவு செய்வது மட்டும் இன்னும் கட்டாயம். ஒரு முறை சப்ரெஸ்ஸரோடு சுட்ட காது திரும்பவும் அதையே கேட்கும்.

ஸ்கோப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். ரைஃபிளோடு இலவசமாகக் கட்டிக்கொடுக்கும் காம்போ ஸ்கோப்பை விட்டுவிட்டு, லியூபோல்டு வி.எக்ஸ்.-ஃப்ரீடம், வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் மாதிரி 3-9x40 (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மி.மீ.) ஒன்றைத் தனியாக வாங்குங்கள். மான் வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும்தான், அந்த வெளிச்சத்தில் கண்ணாடியின் தரம் தெரியும். அங்குல-பவுண்டில் அளக்கும் சின்ன டார்க் ரென்ச் (திருகும் விசையை அளந்து இறுக்கும் கருவி) ஒன்றும் வாங்குங்கள். ஸ்கோப் வளையத்தின் மேல் திருகாணிகளுக்குப் பொதுவாக 15 முதல் 18 அங்குல-பவுண்டு. ஆக்‌ஷன் திருகாணிகளுக்குக் கையேட்டில் உள்ள அளவு. "ரைஃபிள் குறி தவறுகிறது" என்று என்னிடம் கொண்டுவருபவற்றில் பாதி, திருகாணி தளர்ந்தவைதான்.

இனி ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சி மைதானம்) போய் ஜீரோ செய்வது, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வது. காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு போட்டுக்கொள்ளுங்கள். 25 யார்டில் ஆரம்பியுங்கள். ரைஃபிள் காலி என்று பார்த்து, போல்ட்டைக் கழற்றிவிட்டு, மணல்மூட்டையில் வைத்துப் பேரலின் வழியாகவே குறித்தாளின் நடுவைப் பாருங்கள். ரைஃபிளை அசைக்காமல், ஸ்கோப்பின் குறுக்குக்கோடும் அதே நடுவுக்கு வரும்வரை திருகுங்கள். போல்ட்டைத் திரும்பப் போட்டு ஒரு தோட்டா சுடுங்கள், தாளில் எங்காவது விழும். ஸ்கோப்பில் ஒரு கிளிக் என்பது கால் எம்.ஓ.ஏ.; 100 யார்டில் கால் அங்குலம் நகர்த்தும், 25 யார்டில் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குதான். ஆக, 25 யார்டில் இரண்டு அங்குலம் நகர்த்த 32 கிளிக். இரண்டோ மூன்றோ கிளிக் வைத்துவிட்டு "இது வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்கோப் பேரலுக்கு மேலே இருப்பதால், 25 யார்டில் குண்டு நடுவுக்கு முக்கால் அங்குலம் கீழே விழுந்தால் 100 யார்டில் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். அப்புறம் 100 யார்டுக்குப் போய் நுணுக்கமாகத் திருத்துங்கள்.

அங்கேதான் தோட்டாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹார்னடி அமெரிக்கன் ஒயிட்டெயில், ஃபெடரல் பவர்-ஷாக், ஃபெடரல் ஃபியூஷன், மூன்றிலும் ஒவ்வொரு பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ரைஃபிள் ஒரு தோட்டாவில் இரண்டு அங்குலமும் இன்னொன்றில் ஒரு அங்குலமும் போடும். காரணம் கேட்காதீர்கள், பேரலுக்குப் பிடித்ததை வாங்குங்கள். மூன்று தோட்டா அருகருகே விழுந்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். பேரலை ஆறவிட்டு ஆறவிட்டுப் பத்துத் தோட்டா சுட்டால்தான் ரைஃபிளின் நிஜ முகம் தெரியும்.

மேம்படுத்துவதை இரண்டாம் சீசனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் செலவு எப்போதும் தோட்டாவும் ரேஞ்ச் கட்டணமும். அதைவிடக் குண்டுகள் விழும் வட்டத்தைச் சுருக்கும் பாகம் எந்தக் கடையிலும் இல்லை. அதற்கு அடுத்து ஸ்டாக். பாய்ட்ஸ் நிறுவனத்தின் அடுக்குமரக் கட்டை நான் மேலே சொன்ன ரைஃபிள்களில் பெரும்பாலானவற்றுக்குக் கிடைக்கிறது. நெளியாது, கன்னம் வைக்க உயரமும் சரியாக அமையும். ட்ரிகர் கனமாக இருந்தால் டிம்னி, ட்ரிகர்டெக் என்று இரண்டு பெயர்களைப் பாருங்கள். மாற்றிய பிறகு காலி ரைஃபிளில் சேஃப்டியைச் சோதிக்காமல் ரேஞ்சுக்கு எடுத்துப் போகக் கூடாது. பழைய பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள், விற்கும்போது கேட்பார்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால், மேம்படுத்தும் பட்டியலுக்கெல்லாம் முன்னால் பூட்டு வைத்த இரும்பு அலமாரி. 17 வயதுக்குக் கீழானவர் கையில் சுடத் தயாரான துப்பாக்கி கிடைக்கும்படி அலட்சியமாக வைப்பது டெக்சாஸில் குற்றம். தோட்டாவுக்குத் தனிப் பூட்டு.

பேரல் கடைசி. 6.5 க்ரீட்மூர் பேரல் இரண்டாயிரம் தோட்டாவுக்கு மேல் தாங்கும். வருடத்துக்கு மூன்று பெட்டி சுடுபவருக்கு அது தேய முப்பது வருடத்துக்கு மேல் ஆகும். தூரக்குறிப் போட்டியில் இறங்கினால் மட்டும் பேரல் செலவைப் பற்றி யோசியுங்கள்.