சிக்னல் இழுத்தால் வீடியோவை விடுங்கள்

மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் சிக்னல் இழுபடும் இடத்தில் இருந்தால், வாட்ஸ்அப்பில் வீடியோ கோல் வேண்டாம், வொய்ஸ் கோல் எடுங்கள். செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா' பகுதிக்குப் போய், கோலுக்குக் குறைவான டேட்டா எடுக்கும் தெரிவையும் போட்டுவிடுங்கள். குரலுக்கு நிமிடத்துக்குப் பெரும்பாலும் 1 எம்பிகூடப் போகாது. வீடியோ அதைப்போலப் பல மடங்கு விழுங்கும். போனைக் காதில் வைத்ததும் திரை அணைவதால் பற்றரியும் கூட நேரம் நிற்கும். தலை சீவாமலே பேசலாம், அது வேறு!

டுபாயில் இருக்கும் மகனோடு பேச இது உதவாது, அங்கே வாட்ஸ்அப் கோல் இரண்டு வகையுமே தடை. பிள்ளையின் தோலில் போட்ட தடிப்பை டொக்டருக்குக் காட்ட வேண்டுமென்றால் வீடியோதான், இல்லாவிட்டால் தெளிவாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுப் பேசுங்கள்.