பழைய கிராபிக்ஸ் கார்டு பழுதா? முடிவு கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளச்சலிலோ முட்டத்திலோ கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு வீட்டில் ஏழெட்டு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் கணினி, ஆடி மாதத்துச் சாரல் நாளில் காலையில் டிஸ்ப்ளே தராமல் நின்றுவிட்டு, நண்பகல் வெயில் வந்த பிறகு ஒன்றுமே நடவாததுபோல் எழுந்துகொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணினியின் சொந்தக்காரர் உடனே வந்துசேரும் முடிவு, திரைக்குப் படம் தரும் கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்பதுதான். சில வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் தானாகப் பழுதடைந்த கார்டுகளைவிட, சோதிக்கிறேன் என்று அவசரப்பட்டுச் செய்த வேலைகளால் பழுதடைந்த கார்டுகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உப்பையும் ஈரத்தையும் கணக்கில் எடுக்காமல் விடுவது

கணினிப் பழுது பற்றிய பொதுவான வழிகாட்டிகள் உலர்ந்த ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆகவே ஜூன் தொடங்கி டிசம்பர் வரை காற்றில் ஈரம் குறைவதே இல்லை. கடற்காற்றில் வரும் உப்பு, கேபினட் எனப்படும் கணினிப் பெட்டிக்குள் படியும் தூசியோடு சேர்ந்து மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். அடுக்களையில் உப்புப் பரணி மழைக்காலத்தில் கசிவதும் இதனால்தான். கார்டின் மீதுள்ள படலமும் அப்படியே கசிந்து, மின்சாரம் போகக் கூடாத இடங்களுக்கு இடையே சிறு பாதை அமைத்துவிடுகிறது. வெயில் ஏறி ஈரம் குறைந்ததும் அந்தப் பாதை மறைந்துவிடுவதால், கோளாறும் மறைந்ததுபோல் தோன்றுகிறது. காலையில் வந்து மதியம் போகும் கோளாறைக் கண்டால் முதலில் ஐயப்பட வேண்டியது இந்தப் படலத்தைத்தான்.

இங்கே செய்யப்படும் தவறு, கார்டின் கீழ் விளிம்பில் உள்ள தங்க முலாம் பூசிய தொடுமுனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் அழுத்தித் தேய்ப்பது. பல கடைகளில் இது ஒரு சடங்காகவே நடக்கிறது. அந்த முலாம் மிக மெல்லியது. சொரசொரப்பான ரப்பர் அதைச் சிறிது சிறிதாக அரித்துவிடும், அரித்த இடத்தில் உப்புக்காற்று முன்னைவிட விரைவாக வேலை செய்யும். 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு சுற்றிய குச்சியில் தொட்டுத் துடைப்பதே போதுமானது. கார்டு அமரும் ஸ்லாட்டை மறந்துவிட வேண்டாம்; படலம் அங்கேயும் உண்டு. கொரோனா காலத்தில் வாங்கி மிச்சம் வைத்த சானிடைசரைச் சிலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அதில் தண்ணீரும், கைக்கு மென்மை தரும் கிளிசரினும் இருப்பதால், பிசுபிசுப்பான ஒரு புதுப் படலத்தையே அது விட்டுச் செல்லும். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்த ஓர் உறவினரும் எனக்கு உண்டு. எல்லாவற்றுக்கும் எண்ணெய் மருந்தாகிற ஊர்தான் இது. என்றாலும் அந்தக் கணினியைத் துடைத்து எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேவைப்பட்டது.

இன்னொன்றும் இந்த மாவட்டத்துக்கே உரியது. வளைகுடா நாட்டில் வேலை செய்பவர் ஓராண்டுக்குப் பின் விடுமுறையில் வந்து, பூட்டிக் கிடந்த அறையைத் திறந்த அன்றே கணினியையும் போட்டுப் பார்ப்பது வழக்கம். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் அதன் வெப்பமே ஈரத்தை ஓரளவு விரட்டிவிடுகிறது. மாதக்கணக்கில் அணைந்து கிடந்ததற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றி, தூசியை நீக்கி, உலர்ந்த அறையில் ஒரு நாள் வைத்திருந்து பிறகு சுவிட்சைப் போடுவது நல்லது.

மின்சாரத்தின் குற்றத்தைக் கார்டின் மீது போடுவது

விளையாட்டோ வீடியோ எடிட்டிங்கோ தொடங்கிய சில நொடிகளில் கணினி முழுவதுமாக அணைந்து மறுபடி எழுந்தால், முதலில் பார்க்க வேண்டியது எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கியை. கார்டு பழுதானால் பெரும்பாலும் திரை கெடும், உறையும், கருக்கும்; கணினி மொத்தமாக நின்றுபோவது மின்வழங்கி சுமை தாங்காததன் அடையாளமாக இருக்க வாய்ப்பு அதிகம். மதர்போர்டில் கார்டு அமரும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் ஒரு கார்டுக்கு 75 வாட் வரை தரும். மின்வழங்கியிலிருந்து தனி வயரில் வரும் 6 பின் இணைப்பு மேலும் 75 வாட்டும், 8 பின் இணைப்பு 150 வாட்டும் தரும். 60 வாட்டில் அடங்கும் ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டு ஸ்லாட்டின் மின்சாரத்தில் மட்டுமே ஓடிவிடும் என்பதால், கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ். அதற்குப் போதுமானதாக இருந்திருக்கும். அதே கேபினட்டில் 185 வாட் கேட்கும் ஆர்எக்ஸ் 580 கார்டைப் பொருத்திவிட்டு, பழைய கார்டு விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போவது நியாயமல்ல.

மின்வழங்கியில் 6 பின் வயர் இல்லாதபோது, ஹார்ட் டிஸ்குக்கான சாட்டா வயரில் மாற்று இணைப்பு போட்டு ஒப்பேற்றுவது இதைவிட ஆபத்தான பழக்கம். சாட்டா இணைப்பின் 12 வோல்ட் பகுதி 54 வாட்டுக்கு மேல் தாங்கும்படி வடிவமைக்கப்படவில்லை. 75 வாட் கேட்கும்போது பிளாஸ்டிக் உருகக்கூடும். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள், சுமை ஏறியிருக்கும் நேரத்தில் 12 வோல்ட் தடத்தை அளந்து பார்க்கலாம். அளவு 11.4 வோல்டுக்குக் கீழே இறங்கினால் கார்டை விட்டுவிட்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்ற வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடியோடு மழை பெய்யும் மாலைகளில், மின்பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கேபிள் டிவி வயரை அப்படியே விட்டுவிடுவதும் தவறு. தொலைக்காட்சியையே கணினித் திரையாகவும் பயன்படுத்தும் வீட்டில், தெருவிலிருந்து வரும் அந்த வயர் செட்டாப் பாக்ஸ் வழியாகத் தொலைக்காட்சிக்கும், தொலைக்காட்சியிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் வழியாகக் கார்டுக்கும் பாதை அமைக்கிறது. எர்த் சரியில்லாத பழைய வீடுகளில், கேபினட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறும் அந்த உணர்வும் இதே இனம்தான். இப்படி அடிபட்ட கார்டில் எச்டிஎம்ஐ துளை மட்டும் செத்து, டிஸ்ப்ளேபோர்ட், டிவிஐ என்ற மற்றத் துளைகள் நன்றாக வேலை செய்வது உண்டு. ஒரு துளையை மட்டும் பார்த்துவிட்டு முழுக் கார்டையும் கழித்துவிட வேண்டாம்.

திரை சொல்வதைப் படிக்காமல் பலவற்றை ஒரே நாளில் மாற்றுவது

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். திரையில் பச்சைப் புள்ளிகள் தெரிந்த ஒரு மாலையில், கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவரை மாற்றி, சிப்பின் சூட்டை அதன் மேலுள்ள உலோக ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றி, எச்டிஎம்ஐ கேபிளையும் மாற்றினேன். கோளாறு போய்விட்டது. எதனால் போனது என்று தெரியாததால், இரண்டு மாதம் கழித்து அது திரும்பி வந்தபோது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. கடைசியில் கேபிளின் முனை பச்சை பூத்திருந்ததுதான் காரணம் என்று தெரிந்தது.

ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். திரையில் புள்ளிகளோ கோடுகளோ தெரியும் நேரத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைக் கைப்பேசிக்கு அனுப்பிப் பாருங்கள். கைப்பேசியிலும் அந்தப் புள்ளிகள் தெரிந்தால் பழுது கார்டின் நினைவகத்திலோ சிப்பிலோ டிரைவரிலோ இருக்கலாம். கைப்பேசியில் படம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் கேபிளையோ மானிட்டரையோ கார்டின் வெளியீட்டுத் துளையையோதான் பார்க்க வேண்டும். அடுத்து, கணினி எழும்போது வரும் பயாஸ் திரையைக் கவனியுங்கள். விண்டோஸும் டிரைவரும் வருவதற்கு முன்பே அங்கே கட்டங்களும் சிதைந்த எழுத்துகளும் தெரிந்தால், டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை. பயாஸ் திரை தெளிவாக இருந்து, விண்டோஸுக்குள் போன பிறகு மட்டும் கெட்டால், டிரைவரை ஐயப்பட இடமுண்டு. விண்டோஸ் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் 4101 என்ற எண்ணுள்ள பதிவு, கார்டு குறித்த நேரத்துக்குள், அதாவது வழக்கமான அமைப்பில் 2 நொடிக்குள், பதில் சொல்லாததால் டிரைவர் மறுபடி தொடங்கப்பட்டது என்பதைக் காட்டும். அது நோயின் அறிகுறியே தவிர நோயின் பெயர் அல்ல.

பழைய கார்டுக்குப் புத்தம் புதிய டிரைவரைத் தேடி ஏற்றுவதும் பலர் செய்யும் பிழை. ஜிடிஎக்ஸ் 660 போன்ற கெப்ளர் தலைமுறைக் கார்டுகளுக்கு அவற்றின் சிப்பைத் தந்த என்விடியா நிறுவனம் 470 வரிசையோடு வழக்கமான டிரைவர் ஆதரவை நிறுத்திவிட்டது. அதற்கு மேற்பட்டதை ஏற்ற முயல்வது வீண். டிரைவரை மாற்ற நேர்ந்தால், இணைய இணைப்பைத் துண்டித்து, விண்டோஸ் குறைந்தபட்ச மென்பொருளோடு மட்டும் எழும் சேஃப் மோடில் நுழைந்து, டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளால் பழையதை முழுவதும் நீக்கிவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். இணையத்தைத் துண்டிக்காவிட்டால், நீங்கள் நீக்கி முடிக்கும் முன்பே விண்டோஸ் தனக்குப் பிடித்த டிரைவரைக் கொண்டுவந்து வைத்துவிடும்.

பத்தாண்டுக்கு மேற்பட்ட கார்டைப் புது மதர்போர்டில் போட்டுவிட்டு, திரை கருப்பாகவே இருப்பதைக் கண்டு அது செத்துவிட்டது என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு. 2012க்கு முந்தைய பல கார்டுகளுக்கு, கணினியை எழுப்பும் புதிய யுஇஎஃப்ஐ முறை தெரியாது. பயாஸில், பழைய முறைக்கும் இடம் தரும் சிஎஸ்எம் என்ற அமைப்பு அணைக்கப்பட்டிருந்தால் அவை படம் காட்டாது.

சூட்டைக் கையாளும் விதம்

நோயாளியான கார்டை ஃபர்மார்க் போன்ற சோதனை மென்பொருளில் அரை மணி நேரம் ஓட்டுவது, மூச்சுத்திணறல் உள்ளவரைத் தோவாளை மலையில் ஓடி ஏறச் சொல்வதற்குச் சமம். ஐந்து நிமிடம் போதும். ஜிபியு-இசட் மென்பொருளில் வெப்பநிலை ஏறும் வேகத்தைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் 90 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அல்லது ஃபேன் சுற்றாமல் இருக்கலாம். ப்ளோயரால் தூசியை ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்; இல்லையென்றால் அது தன் வேகத்துக்கு மேல் சுற்றி பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும். நினைவகச் சிப்புகளின் மேல் சூட்டைக் கடத்த ஒட்டியிருக்கும் மெத்தென்ற தெர்மல் பேடுகளை மாற்றுவோர் பழைய பேடின் தடிமனை அளக்காமல் புதியதை வாங்கக் கூடாது. அரை மில்லிமீட்டர் இருந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர் வைத்தால், ஹீட்சிங்க் நடுச் சிப்பைச் சரியாகத் தொடாமல் தூக்கி நிற்கும். பேஸ்ட் புதிதாகவும் சூடு முன்னைவிட அதிகமாகவும் இருக்கும் புதிர் இப்படித்தான் உண்டாகிறது.

கடைசியாக, கார்டை ஓவனில் வைத்துச் சுட்டெடுக்கும் வைத்தியம். சிப்பைக் கார்டோடு இணைக்கும் ஈயம் கலக்காத பற்றாசு (சால்டர்) ஏறத்தாழ 217 டிகிரி செல்சியஸில்தான் உருகும்; வீடியோக்களில் சொல்லப்படும் 200 டிகிரி அதை உருக்குவதே இல்லை. சிப்புக்குள் விட்டுப்போன நுண்ணிய இணைப்பு சூட்டில் விரிந்து தற்காலிகமாக ஒட்டிக்கொள்வதால் சில நாள் அல்லது சில வாரம் படம் வரலாம், பிறகு பழையபடி ஆகிவிடும். 2008 ஜூலையில், தன் மடிக்கணினிச் சிப்புகளில் இருந்த பலவீனமான உள் இணைப்புப் பொருளுக்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்குவதாக என்விடியா அறிவித்தது. அப்படிப்பட்ட சிப்புகளை ஹீட் கன் கொண்டு உயிர்ப்பித்த கதைகளிலிருந்துதான் இந்த நம்பிக்கை பெரிதும் பரவியது. கார்டிலிருந்து கிளம்பும் புகை, கேக் வேகும் ஓவனுக்குள் படிவதை எந்த வீட்டிலும் அனுமதிக்கக் கூடாது.

கடைக்குக் கொண்டுபோகும்போது

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள கடைக்குக் கார்டை மட்டும் கழற்றிக் கொண்டுபோவதுதான் பலருடைய வழக்கம். குளிரூட்டிய, ஈரம் உலர்ந்த அறையில், நல்ல எஸ்.எம்.பி.எஸ். பொருத்திய கணினியில் அவர்கள் போட்டுக் காட்டும்போது படம் பளிச்சென்று வரும். அதே கார்டு கடற்புறத்து வீட்டுக்குத் திரும்பியதும் மறுபடி இருண்டுவிட்டால், கடைக்காரர் பொய் சொன்னார் என்று பொருள் அல்ல. கார்டைத் தவிர மற்ற எல்லாமே வேறாக இருந்த இடத்தில் சோதனை நடந்திருக்கிறது. ஆகவே கேபினட்டை முழுவதுமாக, எஸ்.எம்.பி.எஸ்.ஸோடும் அன்றாடம் பயன்படுத்தும் கேபிளோடும் எடுத்துச் செல்லுங்கள். கோளாறு எந்த நேரத்தில், எந்த வேலையின்போது, மழை நாளிலா வெயில் நாளிலா வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி உடன் கொடுங்கள்.