ஒட்டுச் சதையின் வழியே மரபணு மருந்து: வாய்ப்புற்று அறுவைக்குக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை வீடுகளில் மாவாவும் புகையிலையும் கன்னத்தையோ நாக்கையோ அரித்து, அறுவைக்கு நாள் குறிக்கப்பட்ட பிறகு, குடும்பத்தார் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "கையிலிருந்து எடுத்த சதை வாய்க்குள் எப்படிப் பிழைக்கும்?" என்பதுதான். அண்மைக் காலமாக அதனுடன், "அந்தச் சதைக்குள்ளேயே ஜீன் மருந்தை ஏற்றி வைப்பார்களாமே, நமக்குக் கிடைக்குமா?" என்ற கேள்வியும் சேர்ந்துவிட்டது. அறுவைக்கு முன் விளக்கம் சொல்லும் பணியில் இருப்பவன் என்ற முறையில், இவற்றை எந்த வரிசையில் புரிந்துகொள்ள வேண்டும் என்பதை எழுதுகிறேன்.

முதலில், மருத்துவர்கள் ஃபிளாப் என்று சொல்லும் இந்த ஒட்டுச் சதை என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். முன்கையிலிருந்தோ தொடையிலிருந்தோ தோலையும் கொழுப்பையும் அவற்றுக்கு ரத்தம் கொடுக்கும் தமனி, சிரையோடு சேர்த்து எடுத்து, புற்றை வெட்டிய இடத்தில் பொருத்துவார்கள். தாடை எலும்பு போயிருந்தால் கெண்டைக்காலின் வெளிப்புற எலும்பையும் சேர்த்து எடுப்பார்கள். ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்த நாளங்களைக் கழுத்து நாளங்களோடு மைக்ரோஸ்கோப்பின் கீழ், தலைமயிரைவிட மெல்லிய நூலால் தைக்க வேண்டும். வடசென்னைக்கு இந்த நுண்ணறுவை புதிதன்று. ஸ்டான்லி மருத்துவமனையில், இதே நுண்ணறுவை தேவைப்படும் கை அறுவையை ஒரு தனித்துறையாக வளர்த்தெடுத்தவர் மருத்துவர் ஆர். வெங்கடசாமி.

வெட்டியெடுத்த நேரத்துக்கும் தைத்து முடிக்கும் நேரத்துக்கும் இடையே அந்தச் சதை உடலோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் இருக்கிறது. ரத்தமில்லாத அந்த நேரத்தைத் தசை குறைவாகவும் தோல் சற்று அதிகமாகவும் தாங்கும். மரபணு மருந்து நுழைவதற்கு ஆய்வாளர்கள் கண்ட வாசல் இந்த இடைவெளிதான். நோய் உண்டாக்காதபடி மாற்றப்பட்ட அடினோவைரஸில் தேவையான மரபணுவை வைத்து, சதையின் தமனிக்குள் செலுத்திச் சிறிது நேரம் ஊறவிட்டு, மிச்சத்தை உப்புநீரால் கழுவி வெளியேற்றிய பிறகு நாளங்களைத் தைக்கிறார்கள். அதே வைரஸை நேராக ரத்தத்தில் ஏற்றினால் பெரும்பகுதியைக் கல்லீரல் பிடித்துக்கொள்ளும். இந்த முறையில் மருந்து பெரும்பாலும் சதைக்குள்ளேயே தங்குகிறது. இதைச் சொல்லி முடித்ததும் பொன்னேரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, "நாற்றைப் பிடுங்கி, நடுவதற்கு முன்னால் வேரை அசோஸ்பைரில்லம் கரைசலில் நனைப்போமே, அந்த மாதிரியா?" என்று கேட்டார். அதைவிடச் சரியாக நான் சொன்னதில்லை. அன்று முதல் எல்லோரிடமும் அதையே சொல்கிறேன்.

எதற்காக இவ்வளவு பாடு? கத்தி எட்டாத ஓரங்களில் கண்ணுக்குத் தெரியாத புற்றணுக்கள் தங்கிவிடலாம், ஏற்கெனவே கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்த இடத்தில் மறுபடியும் முழு அளவில் வைப்பதும் கடினம். ஃபிளாப்போ அந்த ஓரங்களை ஒட்டியே உட்காருகிறது. அதற்குள் ஏற்றிய மரபணு, நோயெதிர்ப்பைத் தூண்டும் இன்டர்லூகின்-12 போன்ற புரதத்தை அங்கேயே சுரக்கச் செய்யலாம். அல்லது ஹெர்பிஸ் வைரஸின் தைமிடின் கைனேஸ் நொதியை உண்டாக்கி, பின்னர் கொடுக்கும் கான்சைக்ளோவிர் மருந்தை அந்த இடத்தில் மட்டும் நஞ்சாக மாற்றலாம். அந்த நஞ்சு அக்கம்பக்கத்து அணுக்களுக்கும் பரவுகிறது என்பதே இதன் பலம். எலிகளில் இவ்வழி கட்டியைக் கட்டுப்படுத்தியிருக்கிறது.

எலிகளில் என்ற சொல்லை அழுத்தியே எழுதுகிறேன். வழக்கமான சிகிச்சையாக இது எந்த மருத்துவமனையிலும் கொடுக்கப்படுவதில்லை. கைப்பேசியில் வரும் செய்திகள் பெரும்பாலும் வேறு சிகிச்சைகளைப் பற்றியவை: 2003இல் சீனா அனுமதித்தது கட்டிக்குள் நேராக ஊசி போடும் மருந்து, 2023இல் இந்தியா அனுமதித்த நெக்ஸ்கார்19 ரத்தப் புற்றுக்கானது. மேலும், அடினோவைரஸ் கொண்டுவரும் மரபணு சில வாரங்களில் ஓய்ந்துவிடும். ஆகவே இதற்காகக் காத்திருந்து அறுவையையோ, அறுவைக்குப் பின் ஆறு வாரத்துக்குள் தொடங்க வேண்டிய கரண்டையோ ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.

இன்று உங்கள் கையில் இருப்பது ஃபிளாப்பைக் காப்பதுதான். முதல் மூன்று நாள்கள் முக்கியமானவை. செவிலியர் சதையை விரலால் அழுத்தி, வெளுத்த இடம் இரண்டு நொடியளவில் மறுபடி சிவக்கிறதா என்று பார்ப்பார். கூடவே இருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். சதை நீலம் பாரித்து வீங்கினால் சிரையும், வெளிறிக் குளிர்ந்தால் தமனியும் அடைபட்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரை அழையுங்கள். மறுபடி திறந்து காப்பாற்ற நேரம் மிகக் குறைவு. கழுத்தைச் சுற்றி இறுக்கமாக எதையும் கட்ட விடாதீர்கள், பார்க்க வரும் உறவினர் அருகில் புகைக்கவும் விடாதீர்கள்.

பின்னொரு நாள் ஆய்வில் சேர அழைப்பு வந்தால், முதலில் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். சிடிஆர்ஐ என்று தொடங்கும் அந்த எண்ணை எவரும் இணையத்தில் சரிபார்க்கலாம். நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்ததா, ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு, இடையில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆய்வு மருந்துக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சேர்வதென்று முடிவெடுத்தால், தமிழில் எழுதிய ஒப்புதல் படிவத்தைப் படித்து, கையெழுத்திட்ட பிரதி ஒன்றை வாங்கி, ரேஷன் அட்டை வைக்கும் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மரபணு மருந்து பெற்றவரை ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க வேண்டியிருக்கும். பின்னாளில் பல் பிடுங்கப் போனாலும் அந்தப் பையோடு போங்கள்.