டீசல் சொகுசு எஸ்யூவியை விற்கப் போகிறீர்களா? முதலில் புகைக்குழாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள்

டீசலுக்கு மூடுவிழா என்று எங்கே செய்தி வந்தாலும் என் மச்சான் அதை எனக்கு அனுப்பிவிடுவார். 2018 செப்டம்பரில் போர்ஷே இனி டீசல் கிடையாது என்று அறிவித்தபோது அனுப்பினார். 2024 மார்ச்சில் வால்வோவின் கடைசி டீசல் எக்ஸ்சி90 ஸ்வீடனின் டோர்ஸ்லாண்டா ஆலையிலிருந்து வெளியே வந்தபோதும் அனுப்பினார். கூடவே ஒரு வரி: “இன்னும் அதை வச்சிருக்கீங்களா?”

வைத்திருந்தேன். 2015ல் வாங்கிய 3 லிட்டர் டீசல், ஏழு இருக்கை, 1,12,000 கிலோமீட்டர். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது சொகுசு எஸ்யூவிக்குப் பொருந்தாது என்று தெரிந்தும் இரண்டு வருடம் ஆறப்போட்டேன். கடைசியில் விற்றபோது ஒன்று புரிந்தது. விலையைத் தீர்மானித்தது மச்சான் அனுப்பிய செய்திகள் இல்லை. வண்டியை எங்கே ஓட்ட அனுமதி இருக்கிறது, அதன் புகை வெளியேறும் பாதை எந்த நிலையில் இருக்கிறது, இந்த இரண்டும்தான்.

முதலில் பதிவு ஆவணத்தை எடுத்து, வண்டி எந்த மாசுத் தரத்தில் வருகிறது என்று பாருங்கள். லண்டனை எடுத்துக்கொள்வோம். 2019ல் நகர மையத்தில் தொடங்கிய மாசுக் கட்டண மண்டலம் 2023 ஆகஸ்டில் நகரம் முழுவதற்கும் விரிந்தது. அங்கே பெட்ரோல் காருக்கு யூரோ 4 போதும் (யூரோ என்பது ஐரோப்பாவின் புகை மாசுத் தரம், எண் ஏற ஏறக் கண்டிப்பு கூடும்). டீசலுக்கு யூரோ 6 வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட். அதாவது 2006ம் வருடத்துப் பெட்ரோல் கார் சும்மா போகும், 2013ம் வருடத்து டீசல் சொகுசு வண்டி பெரும்பாலும் காசு கட்டும். டெல்லியில் கணக்கு வேறு: 10 வருடம் தாண்டிய டீசல், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் ஓடக் கூடாது என்ற உத்தரவை 2018ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதை அமல்படுத்துவதில் இழுபறி இருந்து, 2025ல் நீதிமன்றமே அதைத் தளர்த்தினாலும், வாங்குபவர் மனதில் அந்தப் பத்து வருடக் கோடு விழுந்துவிட்டது.

2014, 2015ல் வந்த வண்டி என்றால் வருடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐரோப்பாவில் யூரோ 6 எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது 2015 செப்டம்பரில்தான். அதற்கு முன்பே யூரோ 6ல் வந்தவையும் உண்டு, பக்கத்திலேயே யூரோ 5ல் நின்றவையும் உண்டு. ஒரே மாடல், ஒரே நிறம், ஆனால் விலை வேறு. என்னுடையது யூரோ 6. விளம்பரத்தின் முதல் வரியிலேயே அதைப் போட்டேன். தோல் இருக்கையைப் பற்றி நான்காவது வரியில் எழுதினால் போதும்.

அடுத்தது புகைப்பாதை. இதில்தான் நான் அடி வாங்கினேன்.

முதலில் வந்தவர் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து சின்ன ஸ்கேனரை எடுத்து வண்டியின் கணினி இணைப்பில் செருகினார். “கடைசியா ஃபில்டர் சுத்தமாகி 60 கிலோமீட்டர், அதுக்கு முந்தையது 70. நன்றி சார்” என்று கிளம்பிவிட்டார். டீசல் துகள் வடிகட்டி, மெக்கானிக்குகள் பாஷையில் டிபிஎஃப், கரியைச் சேர்த்து வைத்து அவ்வப்போது 600 டிகிரி வாக்கில் எரித்துக்கொள்ளும். நல்ல நிலையில் இருந்தால் சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை எரிக்கும். 60க்கு ஒருமுறை என்றால் ஏதோ கோளாறு. என் விஷயத்தில் காரணம் நாங்களேதான். கடைசி இரண்டு வருடம் அந்தப் பெரிய வண்டி பள்ளிக்கூடத்துக்கும் காய்கறிக்கும் மட்டும் போனது. எஞ்சின் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். எரிப்பு பாதியில் நின்றால், அதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல், எஞ்சின் ஆயிலில் போய்ச் சேரும். ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள்.

சரி, என்ன செய்தேன்? விளம்பரத்தை எடுத்தேன். ஒரு தனி மெக்கானிக்கிடம் காட்டினேன். வடிகட்டியின் முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்கும் சென்சார் தப்பாகக் காட்டுகிறது என்றார். அதை மாற்றி, ஆயிலையும் மாற்றி, மூன்று வாரம் நெடுஞ்சாலையில் ஓட்டினேன். இடைவெளி 430 கிலோமீட்டருக்கு வந்தது. கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது, அது கிலோமீட்டர் ஏற ஏறச் சேரும். அதனால் சாம்பல் அளவையும் ஸ்கேனரில் பார்த்து, இரண்டு திரைகளையும் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

புகைக்குழாயின் உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கட்டும். வடிகட்டி ஒழுங்காக இருந்தால் துணி கிட்டத்தட்டச் சுத்தமாகவே வரும். கன்னங்கரேல் என்று வந்தால் வடிகட்டி விரிசல் விட்டிருக்கலாம், அல்லது யாரோ உள்ளே இருந்ததைப் பிடுங்கிவிட்டார்கள். நீங்கள் வாங்குபவராக இருந்தால், பிடுங்கிய வண்டியை வாங்கவே வாங்காதீர்கள். பல நாடுகளில் அது ஆய்வில் தேறாது. ஆட்புளூ எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதையும் சரிசெய்துவிட்டு விற்கப் பாருங்கள். புகையில் உள்ள நச்சு வாயுவைக் குறைக்கத் தெளிக்கும் 32.5 சதவீத யூரியாக் கரைசல்தான் அது, விலை ஒன்றும் இல்லை. ஆனால் தொட்டி காலியானால் எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அந்த விளக்கைப் பார்த்ததும் வாங்குபவர் அடிமாட்டு விலைக்கு இறங்குவார்.

ஏர் சஸ்பென்ஷன் (வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகள்) இருந்தால் ராத்திரி நிறுத்தி, காலையில் ஒரு மூலை தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

விலை வைக்க விளம்பரங்களை நம்பாதீர்கள், அதெல்லாம் ஆசை. நான் ஒரு நோட்டில் பதினான்கு வண்டிகளை எழுதி, எது எத்தனை நாளில் காணாமல் போகிறது என்று ஒன்றரை மாதம் பார்த்தேன். மூன்று வாரத்துக்குள் போனவற்றின் விலைதான் எனக்குக் கணக்கு. அதே வருடத்துப் பெட்ரோல் மாடலையும் பக்கத்தில் எழுதினேன். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் டீசல் பயம் எவ்வளவு என்று தெரியும்.

அப்புறம், “கம்பெனியே டீசலை விட்டுட்டான், பாகம் எங்கே கிடைக்கும்?” என்று பேரம் பேசுவார்கள். ஒரே 3 லிட்டர் வி6 டீசல் குடும்பம்தான் ஃபோக்ஸ்வாகன் டூவாரெக், ஆடி க்யூ7, போர்ஷே கயென் மூன்றிலும் ஓடியது. போர்ஷே விட்டதால் அந்த எஞ்சினின் பாகம் ஒரே நாளில் மாயமாகிவிடாது. பதில் இப்படி விவரமாக இருக்கட்டும், கோபம் வேண்டாம்.

டீசல் தேவைப்படும் ஆளைத் தேடுங்கள். மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடுபவர், ட்ரெய்லர் இழுப்பவர். இந்த எஞ்சின்களின் கிட்டத்தட்ட 600 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை அவருக்குத்தான் வேலைக்கு ஆகும், நகரத்துக்குள் சுற்றுபவருக்கு அது வெறும் பெருமை. என் வண்டியை வாங்கியவர் குதிரை ட்ரெய்லர் இழுப்பவர், வீடு கட்டண மண்டலத்துக்கு வெளியே. ஸ்கேனர் படங்களைப் பார்த்தார், குனிந்து புகைக்குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார், விரலைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். நோட்டில் நான் குறித்த விலையிலிருந்து நான்கு சதவீதம்தான் குறைத்தேன்.