டேங்கில் இருப்பது எந்த ஊர் டீசல்? அடிட்டிவ் ஊற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாமக்கல்லில் லோடு ஏற்றி 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் நாக்பூர், ஆக்ரா, ஜம்மு வழியாக ஸ்ரீநகர் வரை அதே சாலைதான். ஜனவரியில் கிளம்பும் டிரைவர் இங்கே பனியனோடு வண்டி ஓட்டுவார். நாலைந்து நாள் கழித்து காஷ்மீரின் காசிகுண்டில் கம்பளிக்குள் கை விரல் விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பார். காலண்டரில் அதே மாதம்தான், ஆனால் டேங்குக்குப் பருவம் மாறிவிட்டது. டீசல் அடிட்டிவ், அதாவது டீசலோடு கலக்கும் துணைத் திரவம், இந்த விஷயத்தில் நம் ஆட்கள் செய்யும் தவறுகளில் பாதி இதைக் கவனிக்காததால் வருவதுதான்.

எங்கள் வண்டி ஒன்று அப்படித்தான் நின்றது. இரவு முழுக்க வரிசையில் நின்ற லாரியைக் காலையில் செல்ஃப் எடுத்தபோது, ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிடம் ஓடி அணைந்துவிட்டது. டிரைவர் கையில் ஜம்முவில் வாங்கிய, குளிரில் டீசல் கட்டாமல் தடுக்கும் ஆன்டி-ஜெல் பாட்டில் இருந்தது. அப்போதுதான் அதை டேங்கில் ஊற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. வெயில் ஏறி, ஃபில்டர் மாற்றி, ஏர் எடுத்து வண்டி நகர மதியம் ஆகிவிட்டது.

பாட்டிலில் குறை இல்லை. ஊற்றிய நேரம்தான் தவறு. டீசலில் இயற்கையாகவே மெழுகு கரைந்திருக்கிறது. குளிர் ஏற ஏற அது பிரிந்து, முதலில் டீசல் மங்கலாகும். அப்புறம் மெழுகுப் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஃபில்டரை அடைக்கும். ஆன்டி-ஜெல்லின் வேலை, படிகம் உருவாகும்போதே அதைப் பெரிதாக வளரவிடாமல் தடுப்பது. ஏற்கெனவே கட்டிப்போன மெழுகை அது கரைக்காது. அதற்கென்று வேறு வகை திரவம் விற்கிறார்கள். இரண்டும் ஒன்றென்று நினைத்து வாங்காதீர்கள், லேபிளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அதனால் மலை ஏறும் முன் பதான்கோட்டிலேயே, டீசல் இன்னும் இளகலாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். முதலில் அடிட்டிவ், அதன் மேல் டீசல். பங்க் குழாயிலிருந்து விழும் வேகத்தில் அதுவே கலந்துவிடும். டேங்க் நிறைந்த பிறகு மேலே ஊற்றி மூடினால் சரியாகக் கலக்காது. அளவையும் கண்ணால் பார்த்து ஊற்றாதீர்கள். ஆயிரத்துக்கு ஒன்று என்று போட்டிருந்தால் 400 லிட்டருக்கு 400 மி.லி. குளிர் அதிகம் என்று இரண்டு மடங்கு ஊற்றினால் இரண்டு மடங்கு பலன் வராது, சில சமயம் டீசலின் குணமே கெட்டுவிடும்.

பாட்டிலில் ‘மைனஸ் 30’ என்று இருப்பதை அப்படியே நம்புவது அடுத்த தவறு. அந்த எண் எந்த டீசலில் சோதித்தது என்பதைப் பொறுத்தது. நம் நாட்டு டீசலுக்கான ஐ.எஸ். 1460 தரவிதிப்படி, ஃபில்டர் அடைபடத் தொடங்கும் வெப்பநிலை குளிர்காலத்தில் 6 டிகிரி வரையும் கோடையில் 18 டிகிரி வரையும் இருக்கலாம். அங்கிருந்து மைனஸ் 30-க்கு ஒரு பாட்டில் இழுத்துச் செல்லும் என்று எண்ணி மலை ஏறாதீர்கள். லடாக் பக்கம் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி உண்டு. மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் அங்கே கொண்டுவந்தது. கீழே மலிவு என்று ஃபுல் டேங்க் அடித்துக்கொண்டு ஏறுவதைவிட, போய்ச் சேரும் அளவு மட்டும் வைத்துக்கொண்டு மேலே அந்த டீசலை நிரப்புவது மேல்.

மண்ணெண்ணெய் கலக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பழைய வண்டிகளில் அது ஓடியிருக்கலாம். இப்போதைய மாசு விதியான பி.எஸ். 6-க்கு ஏற்ற டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான், அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பங்கு. கந்தகத்தை எடுக்கும்போது வழவழப்பும் குறைந்துவிடுவதால், அதை ஈடுகட்டத் தனிப் பொருள் சேர்த்துத்தான் டீசல் வருகிறது. மண்ணெண்ணெய் அந்த வழவழப்பைக் கெடுக்கும். பம்பும் இன்ஜெக்டரும் அந்த வழவழப்பை நம்பித்தான் ஓடுகின்றன. சட்டப்படி அது கலப்படமும்கூட. டேங்கின் கீழே நெருப்பு மூட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? உயிர் போகும் வேலை அது. ஃபில்டரில் துணி சுற்றி வெந்நீர் ஊற்றுங்கள், கொஞ்சம் பொறுங்கள்.

குளிரைவிட நமக்கு அதிகம் நஷ்டம் தருவது மழைக்காலம். கொங்கண், மங்களூர் பக்கம் ஜூன், ஜூலையில் ஓடும் வண்டிகளில் டேங்க் மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே போகும். பாதி டேங்கோடு இரவு நிறுத்தினாலும், உள்ளே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்து நீராகி அடியில் தங்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் கிருமிகள் வளர்ந்து கருப்பாக, வழுவழுவென்று ஃபில்டரில் வந்து ஒட்டும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, ‘தண்ணீரை நீக்கும்’ என்று எழுதிய எதையும் வாங்கி ஊற்றுவது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று தண்ணீரைப் பிரித்து அடியில் இறக்கும், வாட்டர் செப்பரேட்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று தண்ணீரை டீசலோடு பாலாகக் கலந்து எஞ்சினுக்கே அனுப்பிவிடும். காமன் ரெயில் எஞ்சினில் டீசல் ஆயிரம் பாருக்கு (ஒரு பார் கிட்டத்தட்ட நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) மேல் அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குள் போகிறது. அங்கே தண்ணீர் சேர்ந்தால் நாஸில் அரித்துப்போகும். முதல் வகையை வாங்குங்கள். அதை வாங்கினாலும், தினமும் காலையில் செப்பரேட்டரைத் திறந்து தண்ணீர் இறக்கும் வேலையை நிறுத்தக் கூடாது. கிருமி மருந்து ஊற்றுவதானால் முதலில் டேங்கைக் கழுவுங்கள். செத்த கிருமியும் ஃபில்டரைத்தான் அடைக்கும்.

கோடைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளிர்காலத்தில் மிஞ்சிய ஆன்டி-ஜெல்லை வீணாகிறதே என்று ஊற்றாதீர்கள், அதற்கு அங்கே வேலை இல்லை. பி.எஸ். 6 டீசலின் சீட்டேன் எண் (டீசல் எவ்வளவு எளிதில் பற்றும் என்பதன் அளவு) குறைந்தது 51 இருக்க வேண்டும் என்பது விதி, நல்ல பங்கில் அடிப்பவருக்குப் பெரும்பாலும் அதை உயர்த்தும் பூஸ்டர் தேவைப்படாது. டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றும் பழக்கமும் வேண்டாம். அதன் சாம்பல் புகைக்குழாயில் இருக்கும் வடிகட்டியில் போய்த் தங்கும்.

கடைசியாக ஆட்ப்ளூ, அதாவது புகையின் நச்சைக் குறைக்கும் யூரியாக் கரைசல். அது டீசல் அடிட்டிவ் இல்லை, தனி டேங்கில் ஊற்றுவது. தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாதீர்கள், டேங்கைக் காலி செய்யுங்கள். உரக்கடை யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் 2015 முதல் விவசாய யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்த எண்ணெயும் மற்ற கசடுகளும் புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியைக் கெடுத்துவிடும், அதை மாற்றும் செலவு பெரியது. 35 டிகிரி வெயிலில் கேனை வைத்திருந்தால் ஆறு மாதத்துக்கு மேல் தரம் நிற்காது, நிழலில் வையுங்கள். மலையில் மைனஸ் 11 டிகிரியில் அது உறையும். அதற்காக வெந்நீரோ வேறு எதுவோ அதில் கலக்க வேண்டாம். எஞ்சின் ஓடினால் வண்டியிலேயே இருக்கும் சூடேற்றி அதை இளக்கிவிடும்.