காஞ்சிபுரம் என்று எழுதியிருந்தால் போதுமா?

போன ஆண்டு என் அக்கா இணையத்தில் ஒரு பட்டுப்புடவை வாங்கினார். கோயில் கோபுரப் படம், தறியின் முன் ஒரு நெசவாளர், ‘மூன்று தலைமுறையாகக் காஞ்சிபுரத்தில்’ என்ற வரி. வந்து சேர்ந்தது பாலியஸ்டர். திருப்பி அனுப்ப முகவரி இல்லை. தொலைபேசியை எடுக்க ஆளும் இல்லை. மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்த பணம் அது.

அதன்பிறகு நான் எந்தக் கடையிலும் முதலில் தேடுவது ஜி.எஸ்.டி. எண்ணைத்தான். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் காட்டும். தமிழ்நாட்டுக்கு 33, குஜராத்துக்கு 24. வேறு எண் இருப்பதாலேயே மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ‘எங்கள் தறி, எங்கள் ஊர்’ என்பவரிடம் விளக்கம் கேளுங்கள். 33 இருந்தாலும் அத்துடன் நிற்காதீர்கள், அடுத்தவர் எண்ணை எடுத்துப் போட்டிருக்கலாம். ஜி.எஸ்.டி. அரசுத் தளத்தில் கணக்கு இல்லாமலே எண்ணை இட்டுத் தேடலாம். பதிவான பெயர், வணிகப் பெயர், பதிவு நாள் எல்லாம் வரும். கடையின் பெயரோடு அவை பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி நிறுவனப் பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் விவரம் ஆகியவற்றைத் தளத்தில் வெளியிட வேண்டும். வாட்ஸ்ஆப் எண் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள்.

பணம் போய்விட்டதா? கூச்சப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அந்தப் பணத்தை வங்கியில் முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.